பதினேழு டீ

அமுதவல்லியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பிரியமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் தயங்கித் தயங்கி. நான் முன்கோபக்காரி என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் இந்த விஷயத்தில் என் இடத்தில் யார் இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

என் பெயர் மதுமதி. சேலத்தில் ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். அது போக, நாலைந்து பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு சின்னக் குழு நடத்துகிறோம். மனச்சோர்வில் இருப்பவர்கள் போனில் எழுதுவார்கள், எங்கள் தன்னார்வலர்கள் பதில் எழுதுவார்கள். குரல் கிடையாது, முகம் கிடையாது. எழுதுகிறவர்கள் ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று நாங்கள் துருவக்கூடாது. நாங்கள் யார் என்று சொல்லவும் கூடாது. பயிற்சியில் முதல் நாள் முழுக்க இதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பேன்.

மூன்று வருடம் முன்பு அப்படி ஒரு பயிற்சிக்கு வீடியோவில் வந்து உட்கார்ந்தவர்தான் வெண்ணந்தூர் அமுதவல்லி. வயது நாற்பத்தாறு, பத்தாவது வரை படிப்பு. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி வைத்து அவரும் கணவர் கந்தவேலும் ஓட்டுகிறார்கள். அவர் மைக்கைத் திறந்ததும் பயிற்சிக்கு வந்த மற்ற பதினொரு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான்கு தறியும் ஒரே நேரத்தில் தடதடத்தன. "அம்மா, மைக்கை மூடுங்க!" என்று கத்தினேன். அவர் அசரவில்லை. மைக்கை மூடிவிட்டுத் திரையில் எழுதினார்.

"எங்களுக்கு இது பழக்கமுங்க மேடம். தறி ஓடறப்ப யாரு பேசறதும் காதுல உழுகாது. இருவது வருசமா கையாலயும் வாயசைப்புலயுந்தான் பேசறோம். எழுதற வேலைன்னதும் அதனாலதானுங்க வந்தேன்."

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. அவரைச் சேர்த்துக்கொண்டது என் தப்பு என்று பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறேன், அவரிடமே.

சேர்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது வருடம் முன்பு கர்ப்பப்பையை எடுத்த பிறகு அவருக்கே மனச்சோர்வு வந்திருக்கிறது. நான்கு மாதம் பாயை விட்டு எழவில்லை. கந்தவேல் ராசிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போன பிறகு, மாத்திரை சாப்பிட்டு மெதுவாகத் தேறியிருக்கிறார். 'அந்த நாட்களில் உங்களை அதிகம் கஷ்டப்படுத்தியது எது' என்று பயிற்சியில் எல்லோரையும் எழுதச் சொன்னேன். தனிமை, பயம், தூக்கமின்மை என்று ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். அமுதவல்லி எழுதியது: "பாக்க வந்தவிங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் போய்ப் பார்த்தாக வேண்டும். போகாவிட்டால் பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு ஆரஞ்சு, கொஞ்சம் வசதி என்றால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். தனியாகவும் போகமாட்டார்கள், துணைக்கு ஒரு ஆள் வேண்டும். உட்கார்ந்து என்ன ஏது என்று விசாரித்து, தெரிந்த வைத்தியம் இரண்டைச் சொல்லி, டீ குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். கால் ஒடிந்து கிடப்பவருக்கு இது ஆறுதலாகவே இருக்கும். பல் தேய்க்க எழுவதற்கே தெம்பில்லாதவள் என்ன செய்வாள்?

"எனக்கு ரொட்டி வாசமே ஆகாம போச்சுங்க மேடம். வந்தவிங்க அத்தன பேருக்கும் சிரிக்கோணும். சிரிச்சா, நல்லாத்தான இருக்கறாம்பாங்க. அழுதா, இப்படி அழுதா புருசங்காரன் எப்புடி ஊட்ல இருப்பாம்பாங்க" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு மற்ற தன்னார்வலர்களிடம், 'பாருங்கள், இதுதான் அனுபவம்' என்று வேறு சொன்னேன். இதை எழுதிய அதே அமுதவல்லிதான் பின்னால் ரொட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. தன்னார்வலர்கள் வார்த்தை கிடைக்காமல் திணறக்கூடாது என்று சில வாக்கியங்களைத் தயாராக வைத்திருந்தோம். 'உங்கள் வலியை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது', 'உங்கள் உணர்வுகள் நியாயமானவை' என்கிற மாதிரி. இரண்டு வாரம் உட்கார்ந்து நானே எழுதியவை. அமுதவல்லி அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கலெக்டர் ஆபீஸ்லருந்து வந்த கடுதாசியாட்டம் இருக்குதுங்க மேடம்" என்றார்.

அவர் எழுதுவதெல்லாம், 'இன்னிக்கு என்ன கொழம்பு?' 'ஆக்கலையா? செரி, போகட்டும். தண்ணி குடிச்சியா சாமி?' அவ்வளவுதான். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணி வரை அவருடைய நேரம். தறியில் அறுந்த இழையை முடிந்துவிட்டு ஒரு வரி, நூல் தீர்ந்த தார்க்குச்சியை மாற்றிவிட்டு இன்னொரு வரி. பதில் தாமதமாகிறது என்று ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒரு தடவை அவரிடம் எழுதியவர்கள் அடுத்த தடவையும் அவரையே கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் செய்வதுதான் சரி என்று தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது.

போன பங்குனி மாதத்தில் 'தூறல்' என்ற பெயரில் ஒரு பெண் எழுத வந்தாள். பிறந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம், கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போகிறவன். ஆழ்துளைக் கிணறு போட வண்டி வெளிமாநிலம் கிளம்பினால் திரும்பி வர ஏழெட்டு மாதம் ஆகும். மாமியார் காலையில் களை எடுக்கப் போனால் சாயங்காலம்தான் வருவார். சண்டை இல்லை, கொடுமை இல்லை.

"யாரும் என்னைத் திட்டலை அக்கா. அதான் கஷ்டமா இருக்கு. காரணமே இல்லாம இப்படிக் கிடக்கிறேன்னு சொன்னா யார் நம்புவாங்க?" என்று எழுதியிருந்தாள்.

"நான் நம்பறேன் சாமி" என்று அமுதவல்லி பதில் போட்டிருந்தார்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. ஒரு நாள் மத்தியானம், "கரண்ட் போச்சு. எதிர்ல மாவு மில் நின்னுடுச்சு. அப்பாடா" என்று தூறல் எழுதினாள். அந்த வரியை அமுதவல்லி படித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய நான்கு தறியும் நின்றிருந்தன. தெருவில் அத்தனை கொட்டகையிலும் சத்தம் அடங்கியிருந்தது. தற்செயல் என்று விட்டுவிட்டார். இருபது நிமிடம் கழித்துத் தறிகள் தடதடவென்று ஓட ஆரம்பித்தன. கூடவே செய்தி வந்தது: "வந்துடுச்சு. மில்லு ஓட்ட ஆரம்பிச்சுட்டான்."

அதே வாரத்தில் இன்னும் இரண்டு தடவை இப்படி நடந்தது. அமுதவல்லிக்கு விளங்கிவிட்டது. தூறல் வேறெங்கோ இல்லை, அவருடைய ஊரில்தான் இருந்தாள். வெண்ணந்தூரில் மாவு மில்லுக்கு எதிரில் வீடு, கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்த மருமகள், ரிக் வண்டிக்குப் போன புருஷன் என்று சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு வீடுதான் மிச்சம். "நான் தேடலீங்க மேடம். அதுவா வந்து முன்னால நின்னுக்கிச்சு" என்று பின்னால் சொன்னார். அதை நான் நம்புகிறேன். (உண்மையில் அது மாவு மில் இல்லை. அதை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

ஆள் யாரென்று தெரிந்த நிமிடமே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் வேறொருவரை மாற்றியிருப்பேன். அவர் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணை அவரிடமிருந்து பிரித்துவிடுவேன் என்று பயம்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தூறல் எழுதினாள்: "நான் இல்லாமப் போனாலும் இந்த வீட்ல ஒரு வேலையும் நிக்காது அக்கா. யோசிச்சுப் பாத்தேன்."

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி அமுதவல்லி சுற்றி வளைக்காமல் கேட்டார். "செத்துப்போலாம்னு தோணுதா சாமி?"

"சில நேரம்" என்று வந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு நாங்கள் அனுப்பிய எதுவும் அவளுடைய போனுக்குப் போய்ச் சேரவில்லை.

அமுதவல்லி உடனே எனக்குச் சொன்னார். உதவி எண்ணை அனுப்பினேன், நானே நான்கு தடவை எழுதினேன். புதன்கிழமையும் ஒன்றும் இல்லை. அன்று மத்தியானம் அமுதவல்லி போனில் கேட்டார்.

"ஏனுங்க மேடம், ஆளு எங்கிருக்குதுன்னு தெரிஞ்சா போய்ப் பாக்கலாமுங்களா?"

"அதெல்லாம் கூடாது. தெரிஞ்சா எங்கிட்ட சொல்லணும், என்ன செய்யணுமோ அதை நான் ஏற்பாடு பண்ணுவேன். நீங்க பதட்டப்படாம இருங்க" என்றேன்.

"செரிங்க" என்று வைத்துவிட்டார். 'உங்களுக்குத் தெரியுமா?' என்று நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு. என் பங்குக்கு நான் செய்த தப்பு இது.

வியாழக்கிழமை மத்தியானம் அமுதவல்லி தறியைக் கந்தவேலிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். தனியாகப் போய்க் கதவைத் தட்டினால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும் என்று பக்கத்து வீட்டு ராமாத்தாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். அந்தப் புள்ளைக்கு உடம்பு சரியில்லையாம் என்று மட்டும் ராமாத்தாளிடம் சொன்னார். போகிற வழியில் கடையில் நின்று ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கினார். "எப்படி வாங்கினீங்க? நீங்களா?" என்று பின்னால் நான் கேட்டபோது, "வெறுங்கையோட போகக் காலு வரலீங்களே" என்றார்.

கதவைத் திறந்தது தூறல்தான். அவளுடைய போன் செவ்வாய்க்கிழமையே தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. இரண்டு நாளாக அது அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அமுதவல்லி அந்த வாசல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மாமியாருக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இதோடு முடிந்திருந்தால் நானும் மன்னித்திருப்பேன்.

ராமாத்தாள் கெட்டவர் இல்லை. ஆனால் மூன்று மணி வரை வாராத தலை, கழுவாமல் கிடந்த பாத்திரம், அழுது வீங்கிய கண் எல்லாவற்றையும் பார்த்தவர். சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டில் சொல்லிவிட்டார், பாவம் என்றுதான் சொன்னார். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்த வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை தூறலின் போன் உயிர் பெற்றது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, போன் கெட்டுப் போச்சு, அதான் எழுத முடியலை. யாரோ எனக்கு உடம்பு சரியில்லைன்னு கிளப்பி விட்டுட்டாங்க. மூணு நாளா ஆள் வந்துட்டே இருக்காங்க. பதினேழு டீ போட்டேன், எண்ணினேன். ஒன்பது ரொட்டிப் பாக்கெட் இருக்கு. ஒருத்தங்க கயிறு மந்திரிச்சுக் கட்டினாங்க. ஒருத்தங்க குழந்தை பொறந்தா சரியாயிடும்னாங்க. ஒருத்தங்க என் மாமியார்கிட்டப் போய், பையனை வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்கன்னாங்க. அத்தை இப்ப என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. நான் உங்களைத் தவிர யார்கிட்டயும் சொன்னதில்லை அக்கா. எப்படி வெளிய தெரிஞ்சிருக்கும்?"

இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்றபடி அமுதவல்லி இதைப் படித்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒரு தறியில் இழை அறுந்து துணி பழுதாகவே ஒரு முழம் ஓடிவிட்டது. கந்தவேல் ஓடிவந்து தறியை நிறுத்தி, கையை ஆட்டி என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அமுதவல்லி வெளியே வந்துவிட்டார். தெருமுனைக்கு நடந்துபோய் அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னார்.

நான் கத்தினேன். கல்லூரி வராந்தாவில் நின்று கத்தினேன், பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "ரொட்டி வாசமே ஆகாதுன்னு சொன்னது நீங்கதானே! எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்! எங்க போச்சு எல்லாம்?"

அவர் அழுது முடிக்கும் வரை கத்தினேன். பிறகு அவர் சொன்னார்: "நாந்தான்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போடறனுங்க."

"வேண்டவே வேண்டாம். இப்ப அவ நம்பற ஒரே ஆள் நீங்க. அதையும் உடைச்சுட்டா அவ எங்க போவா? நான் சத்தமில்லாம வேற ஆளை மாத்திடறேன்."

"அது பொய்யில்லீங்களா மேடம்?"

"பொய் இல்லை, நடைமுறை."

"எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தானுங்க தெரியுது" என்றார். போனை வைத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் எழுதிவிட்டார்.

"மொதல்ல ரொட்டி கொண்டாந்தது நாந்தான் சாமி. ரெண்டு நாளா உன்கிட்டருந்து பதிலில்ல, பயந்துபோய் வந்தேன். தனியா வந்திருக்கோணும். வெறுங்கையோட வந்திருக்கோணும். தப்புப் பண்ணிப்போட்டேன். எம்மேல கோவிச்சுக்க. ஆனா எழுதறத மட்டும் உட்றாத. எங்கிட்ட வேண்டாம், வேற யாருகிட்டயாச்சும் எழுது."

தூறல் அதைப் படித்துவிட்டாள் என்று திரை காட்டியது. பதில் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ஆறு நாள். அந்த ஆறு நாளும் எனக்குக் கோபம் தீரவில்லை. அமுதவல்லி மேல் கோபம், ராமாத்தாள் மேல் கோபம், ரொட்டிப் பாக்கெட்டோடு கிளம்பிய ஊர் மேல் கோபம், புதன்கிழமை ஒரு கேள்வி கேட்காமல் விட்ட என் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம்.

ஏழாம் நாள் எங்கள் குழுவுக்கு ஒரு வரி வந்தது. "வேற ஆள் வேணும். எங்க ஊர்ல இல்லாத ஆள்."

நானே எடுத்துக்கொண்டேன். விதிப்படி அமுதவல்லியை ஆறு மாதம் நிறுத்தி வைத்தேன். தூறல் மெதுவாக எழுத ஆரம்பித்தாள். கணவன் பத்து நாள் லீவு போட்டு வந்து டாக்டரிடம் கூட்டிப்போனான். சில நாள் பரவாயில்லை, சில நாள் பழையபடி. மனச்சோர்வு அப்படித்தான் போகும், வரும். எதுவும் ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை.

அமுதவல்லி வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிடுவார்.

"அந்தப் புள்ள எழுதுதுங்களா மேடம்?"

"அதைச் சொல்லக்கூடாது."

"உசுரோட, நல்லபடியா இருக்குதுன்னு ஒரு வார்த்த?"

"கூடாதுங்க. உங்களுக்கே தெரியும்."

"செரிங்க. வெச்சுடறேன்."

ஒரே ஊர்தானே, போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்தத் தெரு வழியாகப் போவதையே அவர் விட்டுவிட்டார். ரேஷன் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறார் என்று கந்தவேல் ஒரு தடவை என்னிடம் சொன்னார். தறியில் நிற்கும்போதும் யோசனை எங்கோ போய்விடுகிறதாம், அடிக்கடி துணி பழுதாகிறதாம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் தூறல் எனக்கு எழுதினாள். "இன்னிக்குக் காய்க்கடையில அந்தக்காவைப் பாத்தேன். ஊர்ல யார் பாத்தாலும் இப்ப எப்படியிருக்குன்னு கேக்கறாங்க. அவங்க ஒண்ணும் கேக்கலை. தக்காளி பொறுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் கை நின்னுடுச்சு. அப்புறம் அவங்க பொறுக்கி வெச்சிருந்ததை அப்படியே என் பக்கம் தள்ளி விட்டுட்டு, அவங்களுக்கு வேற பொறுக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் அதை எடுத்துட்டு வந்துட்டேன். வந்து ரசம் வெச்சேன். நாலு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் அடுப்புப் பத்த வெச்சேன்."

அந்த வெள்ளிக்கிழமை அமுதவல்லி கூப்பிட்டார். தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கம் போல, "எழுதுதுங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அந்த ரசம் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அந்த மனுஷி அன்றைக்கு நிம்மதியாகத் தறி ஓட்டுவார். "சொல்லக்கூடாது" என்றேன். "செரிங்க" என்று வைத்துவிட்டார். நான் மேஜையில் இருந்த பேனா டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அந்த விதியை எழுதியது வேறு யாருமில்லை, நான்தான்.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, நடந்ததையெல்லாம் எழுதட்டுமா என்று தூறலிடம் கேட்டேன். தன்னைப் பற்றித் தாராளமாக எழுதலாம் என்று அமுதவல்லி ஏற்கெனவே சொல்லியிருந்தார். தூறலிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. கேட்டிருக்கவே கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன். நேற்று வந்தது.

"எழுதுங்க மேடம். ஊர் பேரைப் போடுங்க, எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே. என் பேர் வேண்டாம். டீ பதினேழுன்னு சரியாப் போடுங்க, குறைச்சுடாதீங்க. தக்காளியையும் ரசத்தையும் விட்டுடாதீங்க. அந்தக்கா படிப்பாங்க இல்ல?"

படிப்பாங்க என்று எழுதினேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டால், சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு, இதை அனுப்பி வைப்பேன்.